பேய்க்கு வைத்த இரும்பு

1

எங்கள் வீட்டுப் பாக்குவெட்டி போன செவ்வாய்க்கிழமை ஒரு பழுப்பு உறைக்குள் வீடு திரும்பியது. உறையின் மேல் ஒரு துண்டு ஒட்டியிருந்தார்கள். "கூரிய பொருள், ஒன்று. வகை: தெரியாது. இயங்கும் நிலையில் உள்ளது." பெற்றுக்கொண்டேன் என்று மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சுடுகிற துவக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு மரியாதை செய்திருக்கமாட்டார்கள்.

நான் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கிறவன். பதினாறு வருசமாக இதுதான் வேலை. எத்தனையோ கத்தரிக்கோல், நகவெட்டி, பழம் வெட்டுகிற கத்தி எல்லாவற்றையும் பறித்து இப்படி உறைக்குள் போட்டுத் துண்டு ஒட்டியிருக்கிறேன். எனக்கே ஓர் உறை வரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

இந்தப் பாக்குவெட்டி என் மனைவி வதனியோடு வந்தது. கலியாணத்துக்கு வெற்றிலைத் தட்டில் வைத்தது, அப்படியே அவளுடைய சூட்கேசில் ஏறி, இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற சட்டனுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிற ஆள் ஒருவரும் இல்லை. பத்தொன்பது வருசத்தில் அது வெட்டியதெல்லாம் நண்டுக்கால்தான். ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறி என்றால் இழுப்பறையைத் திறந்து எடுப்போம், டக் டக்கென்று உடைப்போம், கழுவி வைப்போம். அப்படிப்பட்ட சாதுவான சாமான் எங்கள் மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தப் பார்த்தது. ஊரில் இருக்கிற உங்களுக்கு அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். சிரிப்பதென்றால் சிரியுங்கள். நானே இப்போதுதான் சிரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

2

இந்த நாட்டில் கொஞ்சக் காலமாக எங்கே போனாலும் கத்தியைப் பற்றித்தான் கதை. பாராளுமன்றத்தில் கத்தி, தொலைக்காட்சியில் கத்தி. தலைமயிர் வெட்டப் போனால் கடைக்காரர் சவரக்கத்தியை என் கழுத்தடியில் பிடித்துக்கொண்டு, புதிய கத்திச் சட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்தக் கத்தியை விற்கலாம், எத்தனை வயதில் வாங்கலாம், அலகு எத்தனை அங்குலம் இருக்கலாம், பள்ளிக்கூட வாசலில் இரும்பு கண்டுபிடிக்கிற வளைவு வைக்கலாமா என்று பெரிய மனிதர்கள் மணிக்கணக்காக வாதாடுகிறார்கள். துவக்குத் தூக்கியவன் சொன்னதெல்லாம் சட்டம் என்றிருந்த ஊரில் வளர்ந்த எனக்கு, அங்குலத்துக்குச் சண்டை பிடிக்கிற இவர்களைப் பார்க்க முதலில் பகிடியாக இருந்தது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் தொலைக்காட்சியில் வந்து பேசும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். கேட்க ஏலாது.

இந்த நேரத்தில்தான் மகள் அபியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அபிக்குப் பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. சட்டம் வரும் முன்பே தாங்கள் தயாராக விரும்புவதாகவும், வாசலில் வளைவு வைப்பது பற்றியும், கூரிய பொருளோடு பிடிபடும் பிள்ளைக்கு என்ன தண்டனை என்பது பற்றியும் பெற்றோர் வந்து கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருசத்தில் ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் சோதனை பற்றி! இளமையில் பத்து வருசம் ஆமிக்காரரின் சோதனைச் சென்றிகளில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். இப்போது மற்றவர்களைக் கையைத் தூக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். சோதனையின் இரண்டு பக்கமும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன்.

அபி பள்ளிக்கூட விவாதக் கழகத்தில் இருப்பவள். வளைவு வேண்டாம் என்பது அவள் கட்சி. சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கிவிட்டாள்.

"அப்பா, ஸ்கூல் எயார்போர்ட் இல்லை."

"எயார்போர்ட்டிலை ஆரும் ஆரையும் குத்திறேல்லை, பிள்ளை."

"பிகோஸ் அங்கை எல்லாரும் ஹொலிடே போகினம்!"

வதனி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பு விட்டாள். அபி விடவில்லை. "ஊரிலை உங்களை எவ்ரி டே செக் பண்ணினவை எண்டு சொல்லுவீங்களே. அப்ப உங்களுக்கு சேஃபா இருந்ததா?"

சோறு ஆறுது, சாப்பிடு என்றேன். அவளுடைய கழகத்தில் இதைத் தோல்வி என்று கணக்கெடுப்பார்களாம்.

கூட்டத்தன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. துணை அதிபர் மிஸிஸ் பார்லோ மேடையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் அவர்தான். என் முறை வந்ததும் எழும்பினேன். எங்கள் வேலையில் எல்லோரும் மூன்று சாட்டுகளில் ஒன்றைத்தான் சொல்லுவார்கள் என்றேன். எனக்குத் தெரியாது, வேறு யாரோ வைத்தது, என் பாதுகாப்புக்காக வைத்திருந்தேன். இந்த மூன்றையும் கேட்கவே கூடாது. "எந்தச் சாட்டும் ஏற்கப்படாது. பிடிபட்டால் வெளியே!" என்று கையால் கதவைக் காட்டி முடித்தேன்.

கை தட்டினார்கள் ஐயா, கை தட்டினார்கள்! மிஸிஸ் பார்லோ நான் சொன்ன வசனத்தை இன்னொரு முறை கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார். மாணவர் வரிசையில் இருந்த அபி மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வதனி மட்டும் வரும் வழியில், "நல்லாத்தான் கதைச்சனீங்கள்" என்றாள். அதற்கடுத்த மாதம் விதி நடைமுறைக்கு வந்தது. வளைவு வரும்வரை வாசலில் கைக்கருவியால் சோதனை. விதியின் கடைசி வரி என்னுடையது.

3

நுணலும் தன் வாயால் கெடும் என்று எங்கள் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

விதி வந்த முதல் கிழமையே, ஒரு வெள்ளிக்கிழமை அபியின் பள்ளிக்கூடத்தில் தர்மத்துக்குச் சாப்பாடு விற்றார்கள். வதனி ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்தாள். அறுபது ரோல்ஸ், பெரிய பிளாஸ்ரிக் பெட்டி நிறைய. இறைச்சி வீட்டை விட்டு வெளியே போகிறதென்றால் கூட ஓர் இரும்புத் துண்டு போகவேண்டும். இல்லாவிட்டால் வாசத்துக்குப் பேய் பின்னால் வரும். இது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வதனி ஆணி வைக்கத்தான் பார்த்தாள். ஆணியோடு விமான நிலையத்துக்குள் போனால் பேய்க்கு முதல் மேலதிகாரி வருவார் என்று சொல்லி நிறுத்தினேன். அபியின் பெட்டிக்குள் மட்டும் ஆணி போய்வரும், ஒரே ஆணி, மூன்று அங்குலம்.

அன்றைக்குக் காலையில் வதனி இழுப்பறை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் தேடினாள்.

"இஞ்சேருங்கோ, அந்த ஆணியைக் கண்டனீங்களோ?"

கண்டேன். அதைச் சுவரில் அடித்து, விவாதப் போட்டியில் அபி எடுத்த சான்றிதழைக் கொழுவியிருந்தேன். வேலைக்குப் போகிற அவசரத்தில், தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவள் என்ன செய்வாள்? கைக்கு அகப்பட்ட இரும்பு பாக்குவெட்டி. அதை ஒரு தாளில் சுற்றி ரோல்ஸுக்கு நடுவில் வைத்து மூடிவிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் பெட்டிமேல் பிடித்த கைக்கருவி கத்தியது. எனக்குத் தொலைபேசி வந்தபோது நான் ஒரு முதியவரிடமிருந்து நகவெட்டியைப் பறித்துக்கொண்டிருந்தேன். அவர் பாவம், தனக்குத் தெரியாது, மனைவி வைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டி, எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றேன். அடுத்த நிமிசம் மிஸிஸ் பார்லோவின் குரல் காதில் விழுந்தது.

4

மிஸிஸ் பார்லோவின் மேசையில் ரோல்ஸ் பெட்டி. பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் எங்கள் பாக்குவெட்டி. அபி கதிரையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

மிஸிஸ் பார்லோ அன்பான மனுசி. தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்.

"இது உன்னுடையதா என்று அபியிடம் கேட்டேன். தன்னுடையது என்கிறாள். வளர்ந்த ஒருவர் இதைக் கொடுத்தனுப்பியிருந்தால் அது பொலிஸுக்குப் போகிற விசயம் என்றும் விளக்கினேன். திரும்பவும், தன்னுடையதுதான் என்கிறாள். வேறு ஒன்றும் பேசவில்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளை, உன்ரையோ? என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றேன் தமிழில். அபி என்னைப் பார்த்து முழிசினாள். வாயை மூடுங்கோ அப்பா என்று அர்த்தம். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"இது என்ன பொருள், திருவாளர் ரவீந்திரன்?"

"நட் கட்டர்" என்றேன். அவர் பாக்குவெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதற்காக வைத்திருந்தாள்?"

உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை. "கோஸ்டுக்கு மிஸ்" என்றேன். "கோஸ்ட் பின்னால் வரும். இது இருந்தால் கிட்ட வராது."

மிஸிஸ் பார்லோவின் முகம் மாறியது. புதுத் தாள் ஒன்றை எடுத்தார். "கோஸ்ட் என்பவர் இந்தப் பள்ளிக்கூடத்து மாணவரா?"

"சே, இல்லை மிஸ். செத்தவர்."

"கோஸ்ட் இறந்துவிட்டாரா?"

"செத்தால்தானே கோஸ்ட்."

பேனையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, "எப்போது நடந்தது?" என்று கேட்டார். இந்த ஊர்ச் சண்டைக்காரப் பெடியளுக்கு இப்படித்தான் பட்டப்பெயர்கள் என்று அபி பிறகுதான் எனக்குச் சொன்னாள். அப்போது அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உங்கள் மகளையா பின்தொடர்கிறார்?"

"மகளை இல்லை மிஸ். மீற்றை." இறைச்சியைத்தான் சொன்னேன். அதையும் ஒரு ஆளின் பெயர்போலப் பெரிய எழுத்தில் எழுதினார்.

"ஆக, பாதுகாப்புக்காக வைத்திருந்திருக்கிறாள்?"

கடைசியில் மனுசிக்கு விளங்கிவிட்டது என்ற சந்தோசத்தில், "ஓம், ஓம்! பாதுகாப்புக்குத்தான்!" என்றேன்.

மிஸிஸ் பார்லோ ஒரு கோப்பைத் திறந்து, விதியின் கடைசி வரியை வாசித்தார். பாதுகாப்புக்காக வைத்திருந்தேன் என்பது உட்பட எந்தச் சாட்டும் ஏற்கப்படாது. என் வசனம். வாசிக்கும்போது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அபி உடனே வீட்டுக்குப் போகவேண்டும், அடுத்த வெள்ளி பத்து மணிக்கு விசாரணை, அதில் அவளை நிரந்தரமாக விலக்குவதா என்று முடிவெடுப்பார்கள் என்றார்.

வருகிற வழியில் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி நேர்காணலில் எனக்கு ஓர் இந்தியத் தமிழர் மொழிபெயர்த்தார். நல்ல மனிதர். "அவங்கள் துவக்கோடை வந்தவங்கள்" என்று நான் சொன்னேன். அவர் அதை, அவர்கள் ஆரம்பத்திலேயே வந்துவிட்டார்கள் என்று இங்கிலிஸில் சொல்லிவிட்டார். அவருக்குத் துவக்கு என்றால் தொடக்கம், எங்களுக்குத் துப்பாக்கி. எதன் ஆரம்பத்தில் என்று அதிகாரி கேட்டார். நானும் விடாமல், "துவக்கு, துவக்கு!" என்று கத்தினேன். முதலிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேட்கிறார் என்று அவர் சொல்ல, நேர்காணல் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு சொல் என்னை மேசைக்கு முன்னால் கவிழ்த்தது அன்றைக்கு. இன்றைக்கு இன்னொரு சொல் என் பிள்ளையைக் கவிழ்த்துவிட்டது.

5

வீட்டில் பெரிய சண்டை.

"உமக்கென்ன விசரோ? ஏன் பாக்குவெட்டியை வைச்சனீர்?"

"ஆணியை ஆர் சுவரிலை அடிச்சது?"

அடித்தது நான்தான். ஆனாலும் விடவில்லை. "இந்தக் காலத்திலை பேய், இரும்பு எண்டு. இனி ஒரு குண்டூசியும் இந்தப் பிள்ளையோடை போகக்கூடாது!"

வதனி குரலைத் தாழ்த்தினாள். "அவளின்ரை பிளேசருக்குள்ளை மடிப்பிலை ஒரு சேஃப்டி பின் குத்தியிருக்கிறன். இறைச்சி கொண்டு போகாத நாளுக்கு."

"ஐயோ கடவுளே! அதுவுமோ?"

"அதுக்குப் பேரே சேஃப்டி பின்தானே" என்றாள்.

விதியின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வழி இருந்தது. சமயக் காரணத்துக்காக வைத்திருந்தால் ஆராயலாம். என்னோடு வேலை செய்கிற அந்தோனி அண்ணை, மன்னார்க்காரர், கோயிலில் ஒரு கடிதம் வாங்கச் சொன்னார். "உங்கட ஐயர் தராட்டி சொல்லு. எங்கட ஃபாதர் பேய் விசயத்திலை கெட்டிக்காரர்." நான் கோயிலுக்கு ஓடினேன். ஐயர் முழுக்கதையையும் கேட்டார்.

"இறைச்சிக்குப் பேய் வருமோ வராதோ எனக்கெப்பிடித் தம்பி தெரியும்? நான் இறைச்சியைக் கண்டாத்தானே!"

"ஒரு ரெண்டு வரி ஐயா."

"கோயில் கடிதத்திலை ஆட்டிறைச்சி எண்டு எழுத ஏலுமோ? மரக்கறி ரோல்ஸ் எண்டு போடட்டோ?"

"மரக்கறிக்குப் பேய் வராது ஐயா."

"அப்ப அது பொய்க் கடிதமாப் போயிடும்" என்று விபூதியைத் தந்து அனுப்பிவிட்டார்.

அபி மூன்று நாளாக அறையை விட்டு வரவில்லை. நாலாம் நாள் நான் போய்க் கட்டிலில் இருந்தேன்.

"அம்மா வைச்சது எண்டு உனக்குத் தெரியும்தானே. ஏன் உன்ரை எண்டு சொன்னனீ?"

"டீச்சர் பொலிஸ் எண்டு சொன்னா அப்பா." அவள் தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள். "அம்மாக்குப் பொலிஸ் எண்டா எவ்வளவு பயம். ரோட்டிலை சைரன் கேட்டாலே கையைப் பிடிப்பா. என்னை வேறை ஸ்கூலுக்குத்தான் அனுப்புவினம். அது ஓகே."

ஓகேயாம். அவளுடைய கழகம், சிநேகிதிகள், எல்லாம் போகும். இந்தப் பிள்ளை எங்களை விட்டுத் தூரப் போய்விட்டது, தமிழும் இல்லை, எங்கள் பழக்கமும் இல்லை என்று நான் எத்தனை பேரிடம் புலம்பியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்து வதனியிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை நானும் வாறன்" என்றாள்.

6

அதிபர், மிஸிஸ் பார்லோ, நிர்வாகசபையிலிருந்து கறுத்தக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு முதியவர். மூவருக்கும் முன்னால் நாங்கள் மூவர். பாக்குவெட்டி நடுவில்.

வதனிக்கு நன்றாக இங்கிலிஸ் வரும். ஆனால் நெஞ்சில் இருக்கிறதைச் சொல்வதென்றால் தமிழ்தான் வரும். "நான் தமிழிலை சொல்லுறன், நீங்கள் சொல்லுங்கோ. ஒண்டும் கூட்டிக் குறைக்கக் கூடாது" என்றாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மொழிபெயர்ப்பாளன் கதிரையில் இருந்தேன். அந்த இந்தியத் தமிழரை நினைத்துக்கொண்டேன்.

"இதை வைச்சது நான். பிள்ளை இல்லை. பொலிஸுக்குச் சொல்லுறதெண்டா என்னைச் சொல்லுங்கோ."

சொன்னேன். அபி, "நோ அம்மா!" என்றாள். வதனி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"இரும்பு வைச்சாப் பேய் வராதெண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். நான் பேயைக் காணேல்லை. எனக்குப் பயம் பேய்க்கு இல்லை. எங்கட ஊரிலை பிள்ளையள் வெளியிலை போனாத் திரும்பி வருங்களோ எண்டு தெரியாது. எங்கட அம்மா எனக்கும் அண்ணாவுக்கும் ஒவ்வொரு நாளும் உடுப்பிலை ஒரு ஊசி குத்தி விடுவா. ஒரு நாள் மறந்துபோனா. அண்டைக்கு ரியூசனுக்குப் போன அண்ணா திரும்பி வரேல்லை. ஆர் கொண்டு போனது எண்டு இன்னும் தெரியாது."

நான் மொழிபெயர்க்க மறந்து அவளையே பார்த்தேன். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், காணாமல் போனான் என்பது எனக்குத் தெரியும். ஊசிக் கதை தெரியாது. பத்தொன்பது வருசமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆணியைப் பற்றிப் பகிடி பண்ணியிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்து, "சொல்லுங்கோ" என்றாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

பிறகு அந்த முதியவர் பாக்குவெட்டியைப் பார்த்தபடி, "மன்னிக்க வேண்டும் அம்மா, இது வேலை செய்கிறதா?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

இதற்கு வதனி என்னைப் பார்க்கவில்லை. நேராக இங்கிலிஸிலேயே சொன்னாள். "பதினாலு வருசம். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்திருக்கிறாள்."

மிஸிஸ் பார்லோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிபர் தாளைப் பிரட்டி, விதி மிகத் தெளிவாக இருக்கிறது, எந்தச் சாட்டும் ஏற்கப்படாது என்றுதான் எழுதியிருக்கிறது, இதைப் பெற்றோர்தான் கேட்டார்கள் என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"அந்தப் பெற்றோர் நான்தான் ஐயா. அந்த வசனத்தை வெட்டிவிடுங்கள். வளைவு வையுங்கள், அதில் என் கருத்து மாறவில்லை. பைகளைத் திறந்து பாருங்கள். ஆனால் பிடிபட்ட பிள்ளையை இருத்தி, என்ன நடந்தது என்று கேளுங்கள். ஊரில் எங்களைச் சோதித்தவர்கள் ஒரு நாளும் கேட்கவில்லை."

அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் மறுமொழி என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அரை மணித்தியாலம் வெளியே இருத்தினார்கள். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். விலக்கமில்லை. எச்சரிக்கை மட்டும். பொலிஸுக்குச் சொல்லப்போவதில்லை. என் வசனம் இருந்த இடத்தில், முதலில் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று புதிய வரி வரும். பாக்குவெட்டி உரிய நடைமுறைப்படி திருப்பித் தரப்படும். கதவடியில் மிஸிஸ் பார்லோ என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, கோஸ்ட் பற்றி மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டதாகவும், அதை இனித் திரும்பப் பெற வேண்டும் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த ரோல்ஸை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சான்றுப் பொருள் என்று ஆசிரியர்கள் அறையில் வைத்திருந்தார்களாம். பின்னேரம் பார்க்கும்போது ஒன்றும் மிஞ்சவில்லையாம்.

7

செவ்வாய்க்கிழமை வந்த உறையை வதனி பிரித்து, பாக்குவெட்டியைக் கழுவி நண்டு இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள். வளைவு நேற்றுப் பள்ளிக்கூட வாசலில் பூட்டியாகிவிட்டது. இன்று காலை அபியின் பிளேசரிலிருந்த ஊசியை வதனியே கழற்றினாள். கழற்றிய ஊசியை அவள் தன் சட்டையில் குத்திக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் தேத்தண்ணீர் குடித்தேன். சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், சான்றிதழ் விழும் என்றாள்.

இரும்பு இல்லாவிட்டால் என்ன வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கரித்துண்டு. அதற்கு எந்த வளைவும் கத்தாது. இதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் நான்தான் நேற்றிரவு வீடே கேட்கச் சொன்னேன். ஆனால் அபி அதைக் கண்டால் என்ன சொல்வாளோ என்று வதனிக்கு யோசனை. இனிப் பிள்ளைக்குத் தெரியாமல் ஒன்றும் வைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அதனால் ஒன்றுமே வைக்காமல், சோற்றையும் ஆட்டிறைச்சிக் கறியையும் மட்டும் பெட்டியில் போட்டு மூடி, மேசையில் வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அபி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, கரி எங்கை?"

அவளுடைய வாயில் கறியும் கரியும் ஒன்றுதான். எத்தனையோ தரம் திருத்திப் பார்த்தாயிற்று, சரிவரவில்லை.

"உள்ளைதானே இருக்கு பிள்ளை, சோத்துக்குப் பக்கத்திலை" என்றாள் வதனி திரும்பாமல்.

"அது இல்லை அம்மா. மற்றக் கரி."

வதனி துணியைக் கீழே போட்டுவிட்டுப் பின்வளவுக்குப் போனாள். கோடையில் வாங்கிய பார்பிக்யூக் கரிப் பை அங்கே கிடந்தது. அதைக் கொட்டி, நல்ல பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வந்தாள்.